உஷார்! கணினி விழிக்கும்போது கூடவே விழிப்பது யார்?

கணினியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். பாஸ்வேர்டு கொடுக்கிறீர்கள். டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. நீங்கள் இன்னும் ஒரு ஐகானைக்கூடத் தொடவில்லை. அதற்குள் பல புரோகிராம்கள் உள்ளே ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் சிலவற்றை நீங்களே விரும்பிப் போட்டிருப்பீர்கள். சில, வேறு எதையோ இன்ஸ்டால் செய்தபோது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனதில் ஒட்டிக்கொண்டவை. சிலவற்றைக் கணினி தயாரித்த கம்பெனியே ஏற்றி அனுப்பியிருக்கும். எஞ்சிய ஒன்றோ இரண்டோ யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் உடனே சொல்லியாக வேண்டும்.

'ஸ்டார்ட்அப்' என்று விண்டோஸ் அழைக்கும் இந்தப் பட்டியலை நம்மில் பெரும்பாலோர் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் எட்டிப் பார்க்கிறோம்: சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் புலம்பியதும் அதைத்தான். "சார், சிஸ்டம் ஆன் ஆகி வர்றதுக்குள்ள கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்." அவருடைய கணினியில் 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். அந்த வகை டிஸ்க்கால், சிதறிக் கிடக்கும் தகவலை நொடிக்குச் சுமார் 100 முறைதான் தேடி எடுத்துத் தர முடியும். மீட்டிங் ஆப், பாட்டு ஆப், பிரின்டரின் உதவிப் புரோகிராம், இரண்டு மூன்று அப்டேட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கை நீட்டினால் அது திணறத்தான் செய்யும்.

ஆனால் அவருடைய பட்டியலில் நான் பார்த்துப் பதறியது வேகத்தைக் குறைத்த புரோகிராம்களை அல்ல. வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் பாங்க் பாஸ்புக்கும் நாள் முழுவதும் ஸ்கேன் ஆகும் அந்தக் கணினியில், எவரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன ஒரு ஸ்கிரிப்ட் தினமும் காலையில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அது வேகத்தைத் துளியும் குறைக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு நாளும் யார் கண்ணிலும் படவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பட்டியலைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று எழுதியிருக்கும். கணினி தொடங்கும்போது அந்தப் புரோகிராம் எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்பதன் அளவு அது. பிராசஸரில் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ அது 'ஹை'. பிராசஸரில் 300 மில்லி செகண்டுக்கும் குறைவு, டிஸ்க்கில் 300 கேபிக்கும் குறைவு என்றால் 'லோ'. அவ்வளவுதான் அதன் பொருள். நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவுமே சொல்வதில்லை. நாமோ 'ஹை' என்று காட்டுவதையெல்லாம் அணைத்துவிட்டு, 'லோ'வைத் தொடாமல் நிம்மதியாக எழுந்துவிடுகிறோம். கீபோர்டில் தட்டுவதை ஒட்டுக்கேட்கும் புரோகிராம் சில கேபி அளவில்கூட இருக்கலாம். அது பெரும்பாலும் 'லோ'வாகத்தான் இருக்கும். சில வரிகளுக்கு எதிரே 'நாட் மெஷர்ட்' என்றும் இருக்கும். பெரும்பாலும் அண்மையில் வந்து சேர்ந்ததால் இன்னும் அளக்கப்படாதவை அவை. நீங்கள் சமீபத்தில் எதையும் போடவில்லை, ஆனால் அப்படியொரு வரி இருக்கிறது என்றால் அங்கேயே நின்று பாருங்கள்.

தீய புரோகிராம்கள் ஏன் இந்தப் பட்டியலைக் குறிவைக்கின்றன? கணினியை அணைத்தால் ராமில் ஓடிக்கொண்டிருப்பது எல்லாம் அழிந்துபோகும். ஆகவே உள்ளே நுழைந்த வைரஸ் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, அடுத்த முறை தானாக எழுந்துகொள்ள வழி செய்துவைப்பது. நுழைந்த திருடன் போகும்போது சாவிக்கு அச்சு எடுத்துக்கொண்டு போவதைப் போலத்தான். விண்டோஸில் அதற்கு மிக எளிய வழி, அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள 'ரன்' என்ற பகுதியிலோ ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலோ ஒரு வரியைச் சேர்த்துவிடுவது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தின் மின்னஞ்சல்களை முடக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதைத்தான் செய்தது. அது ரெஜிஸ்ட்ரியில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'எம்எஸ்கெர்னல்32'. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரக்கு என்று யாரும் நம்பிவிடுவார்கள். 2003 ஆகஸ்ட்டில் வந்த பிளாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போய் 'விண்டோஸ் ஆட்டோ அப்டேட்' என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெயரைப் பார்த்து அதை நீக்க யாருக்குக் கை வரும்? கால் நூற்றாண்டு கடந்தும் இந்த உத்தி பழசாகவில்லை. இணையத் தாக்குதல் முறைகளைத் தொகுக்கும் அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் இதற்குத் தனி எண் கொடுத்து இன்றும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆகவே பெயரை நம்பாதீர்கள். வெளியீட்டாளர் பெயரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் நான் கண்டதற்கு வருகிறேன். அது 'பென் டிரைவ்ல இருந்த ஃபைல் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு' என்று ஊர் முழுக்கச் சொல்வார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. ஒரு சிறிய ஸ்கிரிப்ட் ஃபைல் பென் டிரைவ் வழியாக நுழைந்து, பயனரின் ஃபோல்டர்களுக்குள் எங்காவது ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒரு வரியைப் போட்டுவிடும். இதே பாணியில் இயங்கிய ஜென்க்சஸ் என்ற புழுவுக்கு எதிராக மைக்ரோசாஃப்ட் 2014-இல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இதில் அபாயம் எங்கே என்றால், டாஸ்க் மேனேஜரில் அந்த வரி 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்று தெரியும். பப்ளிஷர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்' என்றே இருக்கும். பொய் இல்லை. ஸ்கிரிப்டை ஓட்டும் கருவி உண்மையிலேயே மைக்ரோசாஃப்ட்டுடையதுதான். ஆனால் அந்தக் கருவி எதை ஓட்டுகிறது என்பது அங்கே தெரியாது. அதைப் பார்க்க, பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடுதலாக ஒரு நெடுவரிசை வரும். ஒவ்வொரு புரோகிராமும் எந்த ஃபோல்டரிலிருந்து, எந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறது என்பது அதில் முழுதாகத் தெரியும். ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், பவர்ஷெல், ரன்டிஎல்எல்32 போன்றவை அங்கே இருந்தால் பின்னால் வரும் ஃபைல் பெயரைப் படிக்காமல் விடவே கூடாது. 'டெம்ப்' ஃபோல்டரிலிருந்தோ, 'ஆப்டேட்டா'வுக்குள் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலான பெயருள்ள ஃபோல்டரிலிருந்தோ ஒன்று கிளம்பினால் சந்தேகப்படுங்கள். 'ஆப்டேட்டா'வில் நல்ல புரோகிராம்களும் இருக்கும். ஆகவே இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பெயரும் இடமும் சேர்ந்து பொருந்தாதபோதுதான் கவலை.

வைரஸ் மட்டும்தான் ஆபத்து என்றும் எண்ணிவிட வேண்டாம். பெரிய கம்பெனிகள் ஏற்றி அனுப்பியவையே காலை வாரிய கதைகள் உண்டு. 2017 மே மாதம் சுவிட்சர்லாந்தின் மோட்ஸீரோ நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. எச்பி நிறுவனத்தின் அலுவலக வகை லேப்டாப்கள் பலவற்றில், கோனெக்சன்ட் கம்பெனியின் ஆடியோ டிரைவரோடு 'மைக்ட்ரே64' என்ற சிறு புரோகிராம் இருந்தது. மைக்கை அணைக்கும் பொத்தான் அழுத்தப்படுகிறதா என்று கவனிப்பதுதான் அதன் வேலை. அதற்காக அது எல்லா விசைகளையும் கவனித்தது. கவனித்ததோடு விடாமல், தட்டிய ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்வேர்டு உட்பட, அந்தக் கணினியில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய ஒரு ஃபைலில் எழுதிவைத்தது. ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் தானாகக் கிளம்பும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அதுவும் ஸ்டார்ட்அப் பட்டியல் வழியாக அல்ல. குறித்த நேரத்தில் புரோகிராம்களைக் கிளப்பிவிடும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தவர் கண்ணில் அது பட்டிருக்க வழியே இல்லை. எச்பி பிறகு திருத்தம் வெளியிட்டது. கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சோதனைக்காக எழுதிய வரிகள் நீக்கப்படாமல் போயின என்றே சொல்லப்பட்டது. ஆனால் பாஸ்வேர்டு எழுதிவைக்கப்பட்டது உண்மை.

ஏசுஸ் விவகாரம் இதைவிட மோசம். அந்தக் கம்பெனி தன் கணினிகளில் ஏற்றி அனுப்பும் 'லைவ் அப்டேட்' என்ற புரோகிராமின் விநியோக வழிக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, 2018 ஜூனிலிருந்து நவம்பர் வரை நச்சு கலந்த பதிப்புகளை அனுப்பியிருந்தார்கள். அவற்றில் ஏசுஸின் உண்மையான டிஜிட்டல் கையொப்பமே இருந்தது. காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 ஜனவரியில் இதைக் கண்டுபிடித்து மார்ச்சில் வெளியே சொன்னது. தன் வாடிக்கையாளர்களில் மட்டும் 57,000-க்கும் அதிகமானோர் அந்தப் பதிப்பை இறக்கியிருந்ததாக அது கணக்குக் கொடுத்தது. 2016-இல் டுவோ செக்யூரிட்டி என்ற நிறுவனம் ஏசர், ஏசுஸ், டெல், எச்பி, லெனோவோ ஆகிய ஐந்து கம்பெனிகளின் அப்டேட் புரோகிராம்களைச் சோதித்தபோது ஐந்திலுமே கடுமையான ஓட்டைகள் இருந்தன. அதன்பிறகு, லெனோவோ தன்னுடைய 'ஆக்சிலரேட்டர்' என்ற புரோகிராமை நீக்கிவிடுமாறு தானே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் புரோகிராம் எதற்காக இருந்தது தெரியுமா? லெனோவோவின் மற்றப் புரோகிராம்கள் சீக்கிரம் திறப்பதற்காக.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்றுதான். கெட்டது என்று தெரிந்தால்தான் நீக்குவேன் என்று காத்திருக்காதீர்கள். தேவை என்று உங்களால் சொல்ல முடியாத எதுவும் தானாகத் தொடங்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இன்னும் இரண்டு வாசல்கள் அகலத் திறந்து கிடக்கின்றன. ஒன்று, கிராக். அசெம்பிள் செய்த கணினியில் 'ஓஎஸ் போட்டுத் தர்றேன்' என்று ஒருவர் விண்டோஸையும் ஆஃபீஸையும் ஏற்றித் தருவார். லைசென்ஸ் இருக்காது. அதை ஏமாற்ற ஓர் ஆக்டிவேட்டரை ஓட்டுவார். அந்த ஆக்டிவேட்டர்கள் பெரும்பாலும் அவ்வப்போது தாமாக ஓட ஒரு சர்வீஸையோ ஷெட்யூல் டாஸ்க்கையோ உள்ளே விட்டுவிட்டுத்தான் போகும். வேலை செய்ய வேண்டும் என்பதற்காக முதலில் ஆன்டிவைரஸையும் அணைக்கச் சொல்லும். 2021 டிசம்பரில் ரெட் கேனரி நிறுவனம், 'கேஎம்எஸ்பிகோ' என்ற பெயரில் சுற்றும் போலி ஆக்டிவேட்டர்களுக்குள் கிரிப்ட்பாட் என்ற திருட்டுப் புரோகிராம் இருப்பதை அம்பலப்படுத்தியது. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்களையும் அள்ளிச் செல்வது அதன் வேலை. உங்கள் கணினிக்கு ஓஎஸ் போட்டவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறக்கிய ஃபைல் நல்லதா என்று அவருக்கே தெரியாது.

இன்னொன்று, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற புரோகிராம்கள். அவை முறையான கருவிகள்; எத்தனையோ பேர் அவற்றை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஆனால் 'பாங்கிலிருந்து பேசுகிறோம்', 'கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பவர்களும் முதலில் போடச் சொல்வது இவற்றைத்தான். எனிடெஸ்க்கைப் பயன்படுத்தி நடக்கும் மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இவற்றில் ஆள் இல்லாதபோதும் உள்ளே வர ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. கணினி தொடங்கும்போதே சர்வீஸாகக் கிளம்பும் வசதியும் உண்டு. அன்றைக்கு அழைப்பைத் துண்டித்துவிட்டோம், பணம் போகவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்தப் புரோகிராம் இன்றும் தினமும் விழித்துக்கொண்டுதான் இருக்கும். வேலைக்குத் தேவையில்லை என்றால் அணைப்பதோடு நிற்காமல் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உடனே 'பிசி கிளீனர்', 'ஸ்டார்ட்அப் பூஸ்டர்' என்று ஏதாவது ஒன்றைத் தேடி இறக்கிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது இன்னொரு பொறி. உலகம் முழுக்கப் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017 ஆகஸ்ட்டில் திருடர்கள் நச்சைக் கலந்துவிட்டார்கள். அதை நிறுவியிருந்தவர்கள் 22.7 லட்சம் பேர். அமெரிக்காவில் ஆஃபீஸ் டெப்போ என்ற கடைத்தொடர் வாடிக்கையாளர்களின் கணினிகளை ஒரு புரோகிராம் மூலம் இலவசமாகச் சோதித்துத் தந்தது. 'கணினி ஸ்லோவாக இருக்கிறதா?', 'பாப்-அப் வருகிறதா?' என்பது போல நான்கு கேள்விகள் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் செய்துவிட்டால் போதும், சோதனையில் என்ன வந்தாலும் 'மால்வேர் அறிகுறி' என்று காட்டிவிடும். பிறகு பழுதுநீக்கச் சேவையை விற்பார்கள். 2019 மார்ச்சில் அந்தக் கடையும் அதன் கூட்டாளி நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. மேலும், இந்த 'பூஸ்டர்'களில் பல தாங்களே ஸ்டார்ட்அப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. முதல் சோதனைக்கு விண்டோஸிலேயே இருக்கும் கருவி உங்களுக்குப் போதும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 என்றால் 'ஸ்டார்ட்அப்' என்ற டேப். விண்டோஸ் 11 என்றால் இடப்பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'. நான் சொன்ன 'கமாண்ட் லைன்' நெடுவரிசையை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே வாருங்கள். தெரியாத பெயர் வந்தால் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாட்டு, விளையாட்டு, மீட்டிங், அரட்டை ஆப்கள் எல்லாவற்றையும் தயங்காமல் 'டிஸேபிள்' செய்யலாம். அது அந்தப் புரோகிராமை அழிக்காது. தானாகக் கிளம்புவதை மட்டும் நிறுத்தும். வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம், மனம் மாறினால் திரும்ப 'எனேபிள்' செய்யலாம். முடித்த பிறகு ஷட் டவுன் கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது பல கணினிகளில் முழுமையாக அணைப்பது இல்லை.

எல்லாவற்றையும் அணைத்துத் தள்ளுவதும் ஆபத்துதான். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஐகான், உங்கள் ஆன்டிவைரஸ், டச்பேடு, ஆடியோ, டிஸ்ப்ளே தொடர்பானவை இருக்கட்டும். தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ அழகியோ வைத்திருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் இருக்கலாம். அணைத்துவிட்டு மறுநாள் தமிழ் வரவில்லையே என்று திகைக்காதீர்கள். ஆடிட்டர் அலுவலகம் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான புரோகிராமையும், ஆதார் கைரேகைக் கருவி வைத்திருக்கும் மையங்கள் என்றால் அதன் ஆர்டி சர்வீஸையும் தொடவே வேண்டாம்.

மைக்ட்ரே விஷயத்தில் பார்த்தோமே, அந்த டேப்பில் எல்லாம் தெரிந்துவிடாது. சர்வீஸ்கள், ஷெட்யூல் டாஸ்க்குகள், டிரைவர்கள் என்று தானாகக் கிளம்ப வேறு வழிகள் ஏராளம். அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டுவது 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதியது. 2006-இல் அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். கையொப்பம் சரியில்லாதவை இளஞ்சிவப்பில் தெரியும். விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத் திறப்பது நல்லது. எதையும் 'டெலீட்' செய்யாமல், டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சந்தேகத்துக்குரியது ஒன்று அகப்பட்டுவிட்டால், அதை டிஸேபிள் செய்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். இத்தகைய புரோகிராம்கள் அழித்த வரியைத் திரும்ப எழுதிக்கொள்ளும். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. அது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாகக் கிளம்புவதற்கு முன்பே சோதிக்கும். ஒளிந்திருப்பதைப் பிடிக்க அதுதான் நல்ல நேரம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 முதல் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவச நீக்கக் கருவிகள் தருகிறது. பாங்க், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள். ஆனால் அந்தக் கணினியில் அல்ல, வேறொரு கருவியிலிருந்து. அந்தக் கணினியில் செருகிய பென் டிரைவ்களை ஸ்கேன் செய்யாமல் வேறெங்கும் செருக வேண்டாம்.

இனிமேல் புதிதாக எது சேர்ந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போனால் 'ஸ்டார்ட்அப் ஆப் நோட்டிஃபிகேஷன்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்து வையுங்கள். எல்லாவற்றையும் அது பிடித்துவிடாது, ஆனாலும் ஓர் ஆப் பட்டியலில் ஏறும்போது திரையில் சொல்லும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம்.

இன்றைக்கே உங்கள் கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பென்ஷன் கணக்கைப் பார்க்கும் அப்பாவின் கணினியையும், வங்கி வேலைகளுக்குப் பயன்படுத்தும் கடைக் கணினியையும் விட்டுவிடாதீர்கள். பணம் போயிருப்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.